தொகையீட்டு மதிப்பீடு பிசகும்போது: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறிதல்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் வணிக நுண்கணிதம் பயிலும் மாணவர்களுக்கு மாலை வேளைகளில் துணைப்பாடம் நடத்தும்போது ஒரே காட்சியை நான் அடிக்கடி காண்கிறேன். மாணவர் விரிதாளைத் திறந்து, விடை 271,940 வெள்ளி 12 காசு என்று காசுவரை படித்துக் காட்டுவார். அந்த எட்டு இலக்கங்களில் எத்தனையை நம்பலாம் என்று கேட்டால் பதில் வராது. விதியைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கிறது. வந்த எண்ணைச் சோதிக்கத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எண்முறைத் தொகையீட்டில் (வளைவரையின் கீழுள்ள பரப்பைப் பட்டைகளாக வெட்டி எண்களால் மதிப்பிடுவதில்) நேரும் ஒவ்வொரு தவறும் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது. அதைப் படிக்கப் பழகிவிட்டால், சரியான விடை கையில் இல்லாதபோதும் பிழை எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அந்த அடையாளங்களை, நான் சோதிக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

பட்டைகளின் எண்ணிக்கையை இரண்டு முறை இரட்டிப்பாக்கி, மூன்று மதிப்பீடுகளை அருகருகே எழுதுங்கள். மேலே சொன்ன எண் வந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு கடை ஆண்டுக்கு 60,000 வெள்ளி வீதம் 5 ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாக வருமானம் தருகிறது. தொடர் வட்டி வீதம் 4 விழுக்காடு. அவ்வருமானத்தின் இன்றைய மதிப்பு வேண்டும். ஒவ்வொரு பட்டையின் மேல்விளிம்பையும் நேர்கோடாகக் கொள்ளும் சரிவக விதியில் 5 பட்டைகளுக்கு 271,940.12 வெள்ளியும், 10 பட்டைகளுக்கு 271,912.93 வெள்ளியும், 20 பட்டைகளுக்கு 271,906.14 வெள்ளியும் கிடைக்கின்றன. முதல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 27.19, அடுத்த இரண்டுக்கும் இடையிலானது 6.79. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 4 வருகிறது.

இந்த 4 என்ற எண்ணே நமக்கு வெப்பமானி. சரிவக விதியின் பிழை பட்டை அகலத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது என்பதால், அகலம் பாதியானால் பிழை கால் பங்காகிறது. வேறுபாடுகளும் அவ்வாறே சுருங்குகின்றன. நேர்கோட்டுக்குப் பதில் பரவளையத்தைப் பொருத்தும் சிம்ப்சன் விதியின் பிழை அகலத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுவதால் அங்கே 16 வரவேண்டும். விகிதம் சரியாக அமைந்திருந்தால், கடைசி மதிப்பீட்டில் எஞ்சியிருக்கும் பிழை கடைசி வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கு. சிம்ப்சனுக்குப் பதினைந்தில் ஒரு பங்கு. இங்கே 6.79ஐ 3ஆல் வகுத்தால் 2.26, அதை 271,906.14இலிருந்து கழித்தால் 271,903.88. உண்மை விடை 271,903.87 வெள்ளி. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1911இல் முன்வைத்த இந்தக் கருத்து வெறும் மூன்று மதிப்பீடுகளைக் கொண்டு காசுவரை நெருங்க வைப்பதை ஒவ்வொரு முறை காணும்போதும் எனக்கு மகிழ்ச்சியே உண்டாகிறது. ஆனால் விகிதத்தைப் பார்க்காமல் மூன்றால் வகுப்பது, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காமலே மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

அறிகுறி: விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிது அல்லது சிறிது

இது துல்லியக் குறைவு அன்று, கட்டமைப்புத் தவறு. பட்டைகளைக் கூட்டிக்கொண்டே போவதால் இது தீராது. சார்பு தொடர்ந்து ஏறுவதாகவோ தொடர்ந்து இறங்குவதாகவோ இருந்தால், விடை விழ வேண்டிய எல்லைகளை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். நம் எடுத்துக்காட்டில் வருமானத்தின் இன்றைய மதிப்பு ஆண்டுக்கு 60,000 வெள்ளியில் தொடங்கி, ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏறத்தாழ 49,124 வெள்ளிக்கு இறங்குகிறது. ஆகவே விடை 245,600க்கும் 300,000க்கும் இடையில்தான் இருக்க முடியும். அதற்கு வெளியே வந்தால் மேற்கொண்டு எதையும் ஆராயாமல் வாய்பாட்டுக்குத் திரும்புங்கள்.

அடுத்து, சார்பின் மதிப்புகள் உள்ள எல்லாக் கட்டங்களிலும் 1 என்ற எண்ணை இட்டுப் பாருங்கள். 0 முதல் 5 வரையிலான தொகையீடு சரியாக 5 தரவேண்டும். தராவிட்டால் எடைகளிலோ (ஒவ்வொரு மதிப்பையும் பெருக்கும் எண்களிலோ) பட்டை அகலத்திலோ தவறு இருக்கிறது. சிம்ப்சன் விதிக்குப் பட்டைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பதை மறந்து, 5 பட்டைகளுக்கு 1, 4, 2, 4, 2, 1 என்று எடையிட்டவருக்கு இச்சோதனை 4.67 தரும், தவறு உடனே வெளிப்பட்டுவிடும். தரவு ஒற்றைப்படைப் பட்டைகளில்தான் கிடைக்கிறது என்றால், கடைசி மூன்று பட்டைகளுக்கு மட்டும் சிம்ப்சனின் 3/8 விதியைப் பயன்படுத்திவிட்டு மற்றவற்றுக்கு வழக்கமான சிம்ப்சன் விதியை (1/3 விதி) பயன்படுத்தலாம்.

விடை ஏறத்தாழ இரு மடங்காக வருவது மின்சாரக் கணக்குகளில் அடிக்கடி நேர்கிறது. சிங்கப்பூரின் மொத்த மின்சந்தை அரைமணி நேரத்தை அலகாகக் கொண்டு இயங்குவதால், பயிற்சிக் கணக்குகளிலும் ஒரு நாளுக்கு 48 அரைமணி நேரங்கள் என்ற கணக்கில்தான் தரவு வருகிறது. கிலோவாட்டில் உள்ள அளவீடுகளைக் கூட்டிவிட்டுப் பட்டை அகலமான 0.5ஆல் பெருக்க மறந்தால் கிலோவாட்-மணி இரட்டிப்பாகிவிடும். இதைவிட நுட்பமான தவறு ஒன்றும் உண்டு. நள்ளிரவு முதல் மறு நள்ளிரவு வரை சரிவக விதியால் தொகையிட 49 அளவீடுகள் தேவை. 48 அளவீடுகள் 47 பட்டைகளையே தருகின்றன, அரைமணி நேரப் பயனீடு காணாமல் போகிறது. ஆனால் மானி தருவது அந்த நொடியின் கிலோவாட் அன்று, அந்த அரைமணியில் ஏற்கெனவே செலவான கிலோவாட்-மணி என்றால், வெறுமனே கூட்டினாலே போதும். அதன்மீது சரிவக விதியைச் சுமத்துவது முதல் அரைமணியையும் கடைசி அரைமணியையும் பாதியாக வெட்டுவதில்தான் முடியும். தரவின் தலைப்பில் உள்ள அலகைப் படிப்பது எந்த விதியையும்விட முக்கியமானது.

பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் தேவையைச் சைன் சார்பால் எழுதியிருந்தால், கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள். எக்செல் எப்போதும் ரேடியனிலேயே கணக்கிடும். மணிவடிவப் பரவலைத் தொகையிடும்போது, நிகழ்தகவு 1ஐத் தாண்டி எங்கோ போய்விட்டால், காரணம் பெரும்பாலும் கழித்தல் குறிதான். எக்செலில் =-3^2 என்று தட்டினால் 9 வரும்; கையால் எழுதும் கணிதத்தில் அதன் மதிப்பு −9. எக்செல் குறியை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு அடுக்கை எடுக்கிறது. அதனால் இறங்க வேண்டிய மணிவளைவு விண்ணை நோக்கி ஏறுகிறது. =-(3^2) என்று அடைப்புக்குறி இட்டால் சரியாகிவிடும்.

அறிகுறி: மதிப்பீடு எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்கிறது

இது தவறே அன்று, வளைவரையின் இயல்பு. ஆனால் அறியாமல் விட்டால் முடிவைச் சாய்த்துவிடும். கிண்ணம்போல் மேல்நோக்கி வளைந்த வளைவரையில் சரிவகத்தின் மேற்கோடு வளைவரைக்கு மேலே செல்வதால் மதிப்பீடு மிகையாகவே இருக்கும். ஒவ்வொரு பட்டையின் நடுவிலுள்ள உயரத்தை எடுக்கும் நடுப்புள்ளி விதி குறைவாகவே தரும். கவிழ்த்த கிண்ணமாக இருந்தால் இரண்டும் இடம் மாறும்.

வருமானப் பகிர்வை அளக்கும் ஜினி குறியீட்டில் இது தெளிவாகத் தெரியும். மக்களை வருமானம் குறைந்தவரிலிருந்து வரிசைப்படுத்தி, அவர்கள் பெறும் வருமானப் பங்கைக் கூட்டிக் காட்டும் லாரன்ஸ் வளைவரை கிண்ண வடிவுடையது. அதன் கீழுள்ள பரப்பை இரட்டித்து 1இலிருந்து கழித்தால் ஜினி கிடைக்கிறது. பரப்பு மிகையானால் ஜினி குறையும். அதாவது தோராயமான தரவு சமுதாயத்தை உள்ளதைவிடச் சமமானதாகக் காட்டும். வளைவரை எளிய வர்க்கச் சார்பாக இருப்பதாகக் கொண்டால் உண்மையான ஜினி 0.3333. மக்களை ஐந்து பிரிவாக்கிச் சரிவக விதியைப் பயன்படுத்தினால் 0.32, பத்துப் பிரிவாக்கினால் 0.33, இருபதாக்கினால் 0.3325. எத்தனை பிரிவாக்கினாலும் உண்மைக்குக் கீழேதான். ஐந்து பிரிவுகளுக்கு நடுப்புள்ளி விதி 0.34 தருகிறது. ஆகவே வளைவின் திசை மாறாத வரையில் இரு விதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், உண்மை 0.32க்கும் 0.34க்கும் இடையில் சிக்கிவிடுகிறது. இந்த இடுக்கியை நான் பிழை வாய்பாடுகளைவிட அதிகம் மதிக்கிறேன், ஏனெனில் இதற்கு எந்த வகைக்கெழுவின் (சார்பு மாறும் வீதத்தின்) உச்ச மதிப்பும் தேவையில்லை. இடுக்கியின் இரு முனைகளில் எது உண்மைக்கு நெருங்கியது என்று கேட்டால், நடுப்புள்ளிதான். அதன் பிழை சரிவகப் பிழையில் ஏறத்தாழ பாதி. நடுப்புள்ளி மதிப்பீட்டை இருமுறையும் சரிவக மதிப்பீட்டை ஒருமுறையும் கூட்டி 3ஆல் வகுத்தால் அதுவே சிம்ப்சன் மதிப்பீடு. நம் கடைக் கணக்கில் 5 பட்டைகளுக்கான நடுப்புள்ளி மதிப்பீடு 271,885.74 வெள்ளி, அதையும் 271,940.12ஐயும் இவ்வாறு கலந்தால் 271,903.87 என்று காசு பிசகாமல் வருகிறது.

சிம்ப்சன் விதிக்கு 1743இல் எழுதிய தாமஸ் சிம்ப்சனின் பெயர் நிலைத்துவிட்டாலும், அதன் வேர் அதற்கும் முந்தையது. வணிகர் ஒருவர் மதுப் பீப்பாயில் ஒரு கோலை விட்டு அளந்து விலை சொன்னதைக் கண்டு ஐயுற்ற வானியலாளர் கெப்ளர், பீப்பாய்களின் கொள்ளளவை ஆராய்ந்து 1615இல் நூலாகவே வெளியிட்டார். வணிகக் கணக்கின் துல்லியம் பற்றிய கவலையிலிருந்துதான் இது பிறந்திருக்கிறது என்பதை வணிக மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: விகிதம் 4ஆகவும் இல்லை, 16ஆகவும் இல்லை

இங்கேதான் மாணவர்கள் மிகவும் தடுமாறுகிறார்கள். இங்கேதான் விகிதம் மிகவும் உதவுகிறது.

விகிதம் 2.8ஐ ஒட்டி இருந்தால், எல்லைப் புள்ளி ஒன்றில் வர்க்கமூலம் இருக்கிறதா என்று பாருங்கள். இறுதிநிலைச் செலவு (கூடுதலாக ஓர் அலகைச் செய்ய ஆகும் செலவு) உற்பத்தி அளவின் வர்க்கமூலமாக அமைந்து, 0 முதல் 100 அலகுகள் வரையிலான மொத்தச் செலவு தேவை என்று வைத்துக்கொள்வோம். 4, 8, 16 பட்டைகளுக்குச் சரிவக விதி தருபவை 643.28, 658.13, 663.58 வெள்ளி, உண்மை 666.67. வேறுபாடுகள் 14.85, 5.45; விகிதம் 2.72. பட்டைகளைக் கூட்டக் கூட்ட அது 2.83ஐ நெருங்குமே ஒழிய, 4ஐ எட்டாது. வளைவரை 0 என்ற புள்ளியில் செங்குத்தாகக் கிளம்புவதால் அங்கே வகைக்கெழு முடிவிலியாகிறது. வகைக்கெழுவை நம்பிய பிழை வாய்பாடு முழுவதும் அங்கே செல்லாததாகிவிடுகிறது. சிம்ப்சனுக்கு மாறுவதும் பயன் தராது. அதன் விகிதமும் இதே 2.83ஐ நோக்கித்தான் செல்லும். தீர்வு, மாறியை மாற்றுவது. அலகுகளின் எண்ணிக்கையை வேறொரு மாறியின் வர்க்கமாக எழுதினால், தொகையிட வேண்டியது 0 முதல் 10 வரை அப்புது மாறியின் வர்க்கத்தின் இரு மடங்கு. சிம்ப்சன் இரண்டே பட்டைகளில் 666.67ஐத் துல்லியமாகத் தந்துவிடும்.

எல்லையில் சார்பே முடிவிலிக்குப் போனால், விரிதாள் மதிப்புக்குப் பதிலாகப் பிழைச் செய்தியைக் காட்டும். கற்றல் வளைவுக் கணக்குகளில் இது வழக்கம். 80 விழுக்காட்டுக் கற்றல் வளைவில் (உற்பத்தி இரட்டிக்கும்போதெல்லாம் அலகின் நேரம் முன்பிருந்ததில் 80 விழுக்காடாகிறது) ஓர் அலகுக்கான உழைப்பு நேரம் அலகு எண்ணின் −0.322ஆம் அடுக்கைப் பின்பற்றுவதால், 0இல் மதிப்பு கிடையாது. அந்தக் கட்டத்தில் 0 என்று இட்டு நிரப்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது பெரும் தவறு. முதல் அலகிலிருந்து நூறாம் அலகு வரையிலான கூட்டுத்தொகையைத் தோராயப்படுத்துவதுதான் நோக்கம் என்றால், 0.5 முதல் 100.5 வரை தொகையிடுவது பொருத்தமானது.

விகிதம் 2 என்றால் சார்பில் ஒரு குதிப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் நம் வீடுகளின் தண்ணீர்க் கட்டணம் மாதத்துக்கு 40 கன மீட்டரைத் தாண்டியதும் உயர்ந்த படிக்கு மாறுவதை எல்லாரும் அறிவோம். கணக்கின் எளிமைக்காகக் கீழ்ப்படி 3 வெள்ளி, மேற்படி 5 வெள்ளி என்று கொண்டு, 60 கன மீட்டருக்கான மொத்தக் கட்டணத்தைத் தொகையீடாகப் பார்ப்போம். சரியான விடை 120 வெள்ளியும் 100 வெள்ளியும் சேர்ந்த 220. ஆனால் 6, 12, 24 பட்டைகளுக்குச் சரிவக விதி 210, 215, 217.50 என்று தருகிறது. வேறுபாடுகள் 5, 2.50. 40 என்ற புள்ளி பட்டையின் விளிம்பிலேயே விழுந்தும் பிழை வந்ததைக் கவனியுங்கள். அப்புள்ளிக்கு இடப்பக்கம் 3, வலப்பக்கம் 5 என்று இரண்டு மதிப்புகள் இருக்க, விரிதாளின் ஒரே கட்டம் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டது. தொகையீட்டை 40இல் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய மதிப்பைக் கொடுத்தால் ஒரே பட்டையில் விடை கிடைக்கும். விகிதம் ஒருமுறை 3, மறுமுறை 7 என்று தாறுமாறாகத் துள்ளினால், குதிப்போ முறிவோ பட்டைகளின் நடுவில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுகிறது என்று பொருள்; அதற்கும் தீர்வு வெட்டுவதுதான்.

அறிகுறி: மதிப்பீடுகள் ஒத்துப்போகின்றன, ஆனால் விடை தவறு

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனெனில் பார்வைக்கு எந்த அறிகுறியும் இராது. ஓர் உணவங்காடிக்கு வருவோர் எண்ணிக்கை நாளொன்றுக்குச் சராசரி 400 என்றும், வார இறுதியில் 100 கூடி வார நடுவில் 100 குறைகிறது என்றும், அந்த ஏற்ற இறக்கம் 7 நாள் சுழற்சி கொண்ட கொசைன் அலையாக அமைகிறது என்றும் கொள்வோம். உச்சத்தில் தொடங்கி 28 நாளைத் தொகையிட்டால் உண்மை 11,200 பேர். 2 பட்டைகள் 14,000 தருகின்றன. 4 பட்டைகளும் 14,000 தருகின்றன. வேறுபாடு சுழியம் என்பதால் மாணவர் திருப்தியோடு நிறுத்திவிடுவார். உண்மையில் ஒவ்வொரு அளவீடும் சனிக்கிழமையன்றே விழுந்திருக்கிறது. 8 பட்டைகளுக்குப் போனதும் மதிப்பீடு 11,200க்குத் தாவுகிறது. ஆகவே சுழற்சியுள்ள தரவில் பட்டை அகலம் சுழற்சிக் காலத்தின் மடங்காக இருக்கவே கூடாது; வேறுபாடு அளவுக்கு மீறி விரைவாகச் சுழியமானால், இரட்டிப்பாக்குவதற்குப் பதில் 3 மடங்கோ 5 மடங்கோ ஆக்கிப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: உண்மைப் பிழை, பிழை வரம்பைத் தாண்டுகிறது

பிழை இதைவிடப் பெரிதாகாது என்று வாய்பாடு தரும் உச்ச அளவே பிழை வரம்பு; அதை எந்தப் பிழையும் தாண்ட முடியாது. தாண்டினால் வரம்பைக் கணக்கிட்டதில் தவறு. கடைக் கணக்கின் 5 பட்டைகளுக்கு உண்மைப் பிழை 36.25 வெள்ளி. இரண்டாம் வகைக்கெழுவின் மதிப்பை ஐந்தாம் ஆண்டு முடிவில் எடுத்தால் 78.6; அதை வைத்து வரும் வரம்பு 32.75. இரண்டாம் வகைக்கெழு இறங்குமுகமாக இருப்பதால் அதன் உச்ச மதிப்பு தொடக்கத்தில் இருக்கிறது. அது 96, வரம்பு 40 வெள்ளி. முழு இடைவெளியிலும் குறி நீக்கிய உச்ச மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். வாய்பாடு இல்லாமல் அளந்த தரவுப் புள்ளிகள் மட்டுமே இருக்கும்போது இந்த வரம்பைக் கணக்கிட வழியே இல்லை. அப்போது ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை நீக்கி மறுபடி தொகையிட்டு வேறுபாட்டைப் பார்ப்பதே கைவசமுள்ள சோதனை.

தேவையான பட்டைகளைத் தேடும்போதும் ஒரு சறுக்கல் உண்டு. பிழை ஒரு காசுக்குள் இருக்கச் சரிவக விதிக்கு 316.2 என்று வந்தால் 317 பட்டைகள் தேவை. சிம்ப்சனுக்கு 4.04 வருகிறது. அதை 4 என்று எழுதினால் வரம்பு ஒரு காசைச் சற்றே தாண்டிவிடும், 5 ஒற்றைப்படை, ஆகவே விடை 6. மதிப்புகளை முழு வெள்ளிக்குத் திருத்தி எழுதியிருந்தால் இந்த உழைப்பு அனைத்தும் வீண், ஏனெனில் ஒவ்வொரு மதிப்பிலும் அரை வெள்ளிவரை நேரும் பிழை 5 ஆண்டு அகலத்தில் 2.50 வெள்ளியாகக் கூடும். சிம்ப்சனின் விகிதம் 16இல் நின்று பிறகு திடீரெனச் சிதறினால் இந்தத் திருத்தமே காரணம். இடைக்கணக்குகளில் எதையும் வெட்டாதீர்கள்.

அறிகுறி: தொகையீடு துல்லியம், நுகர்வோர் உபரி மட்டும் பிசகுகிறது

தேவை வளைவரையின் கீழுள்ள பரப்பு 50,000 வெள்ளி, நுகர்வோர் செலுத்திய தொகை 48,000 வெள்ளி என்றால் நுகர்வோர் உபரி (கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள வேறுபாடு) 2,000. பரப்பில் 50 வெள்ளிப் பிழை என்பது 0.1 விழுக்காடுதான், உபரியில் அது 2.5 விழுக்காடாகிறது. செலுத்திய விலையைச் சார்பிலிருந்து முதலிலேயே கழித்துவிட்டு எஞ்சியதைத் தொகையிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். மாறிலியைச் சரிவக விதி துல்லியமாகவே தொகையிடுவதால் அந்த 50 வெள்ளி அப்படியேதான் இருக்கும். செய்ய வேண்டியது, தேவையான துல்லியத்தை உபரியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிடுவது. உபரியில் 0.1 விழுக்காடு வேண்டுமெனில் அனுமதிக்கப்படும் பிழை 2 வெள்ளி. 50ஐ 2ஆக்க 25 மடங்கு குறைக்க வேண்டும். பிழை அகலத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுவதால் பட்டைகளை 5 மடங்காக்கினால் போதும்.